கொசுவத்தியின் முனை

தமிழ் வலைப்பதிவுகளில் 'கொசுவத்தி சுத்துறது' என்றால் பழைய கதை பேசுவது. படங்களில் ஃபிளாஷ்பேக் வரும்போது திரையில் ஒரு சுருள் சுழலுமே, அதிலிருந்து வந்த பேச்சு. இந்தப் பதிவும் கொசுவத்திதான். இரண்டு அர்த்தத்திலும்.

நான் வேலை பார்ப்பது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். வாரத்தில் பாதி நாள் சி.ஓ.டி. டெஸ்ட், அதாவது தண்ணீரில் எரியக்கூடிய அழுக்கு எவ்வளவு என்று பார்ப்பது. சாக்கடையோ ஆலைக்கழிவோ, எது வந்தாலும் டைக்ரோமேட்டும் கந்தக அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவிடுவோம். ஆறியதும் இரண்டு மூன்று சொட்டு ஃபெரோயின் விட்டு பியூரெட்டைத் திறந்தால், நீலப்பச்சையாக இருக்கும் கரைசல் கடைசியில் ஒரே சொட்டில் செங்காவியாகத் திரும்பும். அந்த அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த குடுவைக்குப் போய்விடுவோம். ஃபெரோயினில் இருக்கும் இரும்பு ஒரு எலக்ட்ரானை இழந்தால் நீலம், திரும்பப் பெற்றால் சிவப்பு. அவ்வளவுதான் விஷயம்.

இதே ஃபெரோயின், எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் எனக்கு மூன்று வாரம் தண்ணி காட்டியது. நிஜமாகவே தண்ணீர்தான் காட்டியது, அதைச் சொல்கிறேன்.

புராஜெக்ட்டின் பெயர் பெலுசோவ்-ஜபோடின்ஸ்கி வினை, நிறம் தானாக மாறி மாறி வரும் ஒரு வேதிவினை. சோடியம் புரோமேட், கந்தக அமிலம், சோடியம் புரோமைடு, மலோனிக் அமிலம். இவற்றைக் கலந்ததும் புரோமின் பழுப்பாகக் கிளம்பி மூக்கை அறுக்கும். ஃபியூம் ஹூடுக்குள் வைத்துக் காத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் நிறம் மறையும். அப்போது ஃபெரோயின் விட்டு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பெட்ரி தட்டில் ஊற்றி, ஆடாமல் அசையாமல் வைக்க வேண்டும். சிவப்புப் பரப்பில் அங்கங்கே நீலப் புள்ளிகள் முளைத்து, வளையமாக விரிந்து, வளையத்துக்குள் வளையமாகப் பரவும் என்று புத்தகம் சொன்னது. என் தட்டு சிவப்பாக இருந்தது. சிவப்பாகவே இருந்தது. மறுநாளும், அதற்கு அடுத்த வாரமும்.

கைடு, செறிவுக் கணக்கில் தப்பு என்றார். திரும்பப் போட்டேன். புரோமேட் பாட்டில் பழசாயிருக்கும் என்றார். புது பாட்டில் உடைத்தோம். கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தவர் லேப் அட்டெண்டர் அண்ணன். கவிழ்த்து வைத்திருந்த பெட்ரி தட்டு ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "என்னம்மா இது, உப்புப் பூத்துக் கெடக்கு. பைப் தண்ணியில கழுவிட்டு அப்படியே காய வச்சியா?" ஆமாம், அப்படித்தான் வைத்திருந்தேன். போர் தண்ணீர். அதிலுள்ள குளோரைடு இந்த வினையின் கழுத்தைப் பிடித்துவிடும், ரொம்பக் கொஞ்சம் இருந்தாலே போதும். எங்கள் கைக்குறிப்பில் அது ஒரு வரி கூட இல்லை. டிஸ்டில்டு வாட்டரில் நாலு தடவை அலசியெடுத்த தட்டில், அன்று மாலையே முதல் நீலப் புள்ளி வந்தது.

இப்போது எனக்குச் சம்பளம் கொடுப்பதே குளோரைடுதான். குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா, 1000 தாண்டிவிட்டதா என்று சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்பது என் அன்றாடம். சி.ஓ.டி. டெஸ்டிலும் குளோரைடு குறுக்கே வரும், அதைக் கட்டிப்போட பாதரச சல்ஃபேட் சேர்ப்போம். எங்கே போனாலும் என்னை விடாத அயனி அது.

சரி, கதைக்கு வருகிறேன்.

போரிஸ் பெலுசோவ் 1893இல் பிறந்தவர். சோவியத் ராணுவத்தில் வேதியியலாளராக இருந்து, பிறகு மாஸ்கோவில் சுகாதார அமைச்சகத்தின் கீழ் இருந்த ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். உடலுக்குள் சிட்ரிக் அமிலம் எரியும் வட்டத்தைக் கண்ணாடிக் குடுவையில் செய்து பார்க்க நினைத்து, சிட்ரிக் அமிலம், புரோமேட், சீரியம் உப்பு மூன்றையும் கந்தக அமிலத்தில் கலந்தார். கரைசல் மஞ்சளாகி, நிறம் போய், மறுபடி மஞ்சளாகி, கடிகாரம் மாதிரி மாறி மாறி ஓடியது. 1951இல் கட்டுரை எழுதி அனுப்பினார். நடக்கவே முடியாத விஷயம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வினை என்றால் சமநிலையை நோக்கி ஒரே திசையில்தான் போக வேண்டும், முன்னும் பின்னும் எப்படி ஆடும் என்பது அவர்கள் வாதம். பல வருடம் மெனக்கெட்டு இன்னும் விரிவாக எழுதி அனுப்பினார், அதுவும் தேறவில்லை. மனிதர் வெறுத்துப்போனார். கடைசியில் 1959இல், கதிர்வீச்சு மருத்துவச் சுருக்கங்களின் தொகுப்பு ஒன்றில், அந்தத் துறைக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பக்கக் குறிப்பாக அது அச்சேறியது.

திருப்பி அனுப்பியவர்கள் முட்டாள்கள் இல்லை. ஊசல் ஆடுவதுபோல வினை சமநிலையைத் தாண்டிப் போய்த் திரும்பி வர முடியாது, அது உண்மை. ஆனால் இங்கே எதுவும் சமநிலையைத் தாண்டவில்லை. மலோனிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ ஒரே திசையில் எரிந்து தீர்ந்துகொண்டேதான் இருக்கிறது. இடையில் வந்து போகும் சரக்குதான் ஏறி இறங்குகிறது. என் தட்டும் ஒரு மணி நேரம் போல ஓடிவிட்டுப் படுத்துவிடும். தரகர் கையில் பணம் ஏறி இறங்குவதைப் பார்த்து, ஊரில் பணம் முன்னும் பின்னும் ஓடுகிறது என்று சொல்வீர்களா?

1961இல் சைமன் ஷ்னோல் என்ற உயிர்வேதியியலாளர் இந்த வினையைத் தன் மாணவர் அனடோலி ஜபோடின்ஸ்கியிடம் ஆராயக் கொடுத்தார். ஜபோடின்ஸ்கி சிட்ரிக் அமிலத்தை மாற்றி மலோனிக் அமிலம் போட்டார். சீரியத்தின் மங்கல் மஞ்சளுக்குப் பதில் ஃபெரோயின் வந்ததும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது. 1970இல் ஸைகினும் அவரும் சேர்ந்து, கலக்காமல் வைத்த மெல்லிய அடுக்கில் நீல வளையங்கள் பரவுவதை வெளியிட்டார்கள். அதே 1970இல் பெலுசோவ் இறந்துவிட்டார். 1980இல் லெனின் பரிசு கொடுத்தார்கள், அவர் இல்லாமல்.

வளையம் எப்படிப் பரவுகிறது? தட்டிலுள்ள ஒவ்வொரு துளிக் கரைசலையும் ஒரு ஃபிளஷ் டேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசாக அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஓர் அளவைத் தாண்டி அழுத்தினால் முழுசும் கொட்டும். கொட்டிய கையோடு மறுபடி அழுத்திப் பிரயோஜனமில்லை, டேங்க் நிரம்பணும். வேதியியலில் அந்த அழுத்தத்தைத் தடுத்து நிற்பது புரோமைடு அயனி. அது ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் புரோமஸ் அமிலம் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு கிளம்பும், இரும்பு நீலமாகும். நீல இரும்பு, புரோமின் ஏறிய மலோனிக் அமிலத்தோடு மோதி மறுபடி புரோமைடை விடுவிக்கும். பெருக்கம் நிற்கும், சிவப்பு திரும்பும். இந்த விவரத்தை எல்லாம் 1972இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஃபீல்டு, கோரோஸ், நோயஸ் மூவரும் படிப்படியாகப் பிரித்து வைத்தார்கள். புரோமஸ் அமிலம் பக்கத்துத் துளிக்குக் கசியும், அங்கேயும் கொட்டும். அப்படியே நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு நீலக் கோடு நகரும்.

ஆக, அலை என்கிறோமே தவிர இது குளத்தலை மாதிரி இல்லை. குளத்தில் இரண்டு அலை சந்தித்தால் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும். இங்கே இரண்டும் அழிந்துவிடும். ஒவ்வொன்றின் முதுகுக்குப் பின்னாலும் இன்னும் நிரம்பாத டேங்க், மற்றது அதற்குள் போக முடியாது. நெருப்புதான் சரியான உவமை. கொசுவத்தியின் நுனியில் இருக்கும் கங்கு முன்னால் போகும், பின்னால் சாம்பல். அந்தச் சாம்பல் ஒரு நிமிடத்தில் மறுபடி பச்சை வத்தியாகிவிட்டால் எப்படியிருக்கும்? அதுதான் இந்தத் தட்டு.

வளையங்கள் அழகுதான், ஆனால் எனக்கு அவை மேல் பெரிய மோகம் இல்லை. ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஒரு தூசியோ கீறலோ இருந்து ஆட்டி வைக்கும். தூசியை வடிகட்டினால் ஆட்டமும் குறையும். இதே தட்டில் சுருளாகச் சுற்றும் அலையும் வரும். சுருள் அப்படியில்லை. அதை ஆட்டி வைக்க நடுவில் ஒன்றும் வேண்டாம்.

சுருளை உண்டாக்க அலையை உடைக்க வேண்டும். அன்றைக்கு நான் செய்தது, அமிலத்தைக் கொஞ்சம் குறைத்து, தானாகத் துடிக்காத கலவை போட்டு, ஒரு வளையம் பாதி தட்டுக்கு விரிந்ததும் தட்டை ஓரத்தில் பிடித்து ஒரு நூல் அளவு தூக்கி இறக்கினேன். திரவம் வழுக்கி, வளையம் ஓரிடத்தில் அறுந்தது. அறுந்த இடத்தில் இரண்டு முனை. அடுத்த அரை நிமிடம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அப்புறம் இரண்டு முனையும் உள்பக்கமாக மடங்க ஆரம்பித்தன. ஒன்று வலமாக, ஒன்று இடமாக. கிடாயின் இரண்டு கொம்பு மாதிரி. கொம்பு சுற்றிக்கொண்டே போக, சுற்றுக்கு ஒன்றாகப் புதுப்புது நீலக் கோடுகள் வெளியே கிளம்பின.

ஏன் மடங்க வேண்டும்? வெளிப்பக்கமாக வளைந்த அலை நேர்கோட்டு அலையைவிட மெதுவாகத்தான் போகும். சின்னப் புடைப்பு தன்னிடமுள்ள புரோமஸ் அமிலத்தைச் சுற்றிலும் அகன்ற இடத்துக்குப் பங்கு வைக்கணும், பங்கு குறையும். ரொம்பச் சின்னப் புள்ளி என்றால் பங்கு போதாமல் அணைந்தே போகும். அலையில் எல்லா இடத்தையும்விட அதிகம் வளைந்தது முனை. அதனால் முனை பின்தங்கும், மற்ற பாகம் முன்னே ஓடும். பின்தங்கிய முனைக்குப் பக்கத்தில் அலை போன தடம் அதற்குள் நிரம்பியிருக்கும். அதற்குள் திரும்பிவிடும். திரும்பி, தன் வாலையே துரத்தும்.

இங்கே கடைக் கொசுவத்தியை நினைத்து ஏமாறக்கூடாது. பெட்டியில் இரண்டு சுருள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி வரும், பிரிக்கும்போது பாதி நாள் ஒன்று உடைந்து நம்மை எரிச்சலாக்கும். அந்த இரண்டும் ஒரே திசையில் சுற்றியவை. உடைந்த அலையில் பிறக்கும் இரண்டும் எப்போதும் எதிரெதிர் திசை. கணக்கில் ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல். ஒரு முனையை அழிக்க வேண்டுமென்றால் எதிர்த்திசை முனையோடு மோதவிட வேண்டும், அல்லது தட்டின் விளிம்புக்குத் தள்ள வேண்டும். நடுப்பரப்பில் தனியாக நிற்கும் முனையை அழிக்க வழியில்லை. மற்ற அலைகள் வந்து அடித்துவிடாதா என்றால், முனை வரைக்கும் எந்த அலையும் வந்து சேராது. சுருள் தன்னால் முடிந்த அளவு வேகமாகச் சுற்றி, அந்த வேகத்தில் அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். தூசியைச் சுற்றி வரும் வளையங்கள் அதைவிட நிதானம். ஒவ்வொரு மோதலிலும் மோதும் இடம் நிதானமானவர் பக்கம் கொஞ்சம் நகரும். அரை மணி நேரத்தில் தட்டு முழுக்கச் சுருளின் ராஜ்ஜியம்.

இதையெல்லாம் முதலில் ஆழ்ந்து யோசித்தவர் ஆர்தர் வின்ஃப்ரீ. பழ ஈக்களின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்த அமெரிக்கர். சுருள் அலைகளைப் பற்றி 1972இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். அவர் கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: சுருளின் நடுவில் என்ன நேரம்? சுற்றிலும் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் நீலம் வடிந்துகொண்டிருக்கிறது. கடிகார முகப்பில் எல்லா மணியும் சுற்றி நிற்க, முள் மாட்டிய அச்சில் மணி என்ன? ஒன்றும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் கட்டம், அதாவது சுற்றில் எந்த நிலை என்பதே இல்லை.

நான் முனையைப் பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மூடியின் மேல் ஓ.எச்.பி. ஷீட் ஒன்றை ஒட்டி, பத்து நொடிக்கு ஒரு புள்ளி, ஸ்கெட்ச் பேனாவால். முனை ஒரே இடத்தில் நின்று சுற்றும் என்று நினைத்திருந்தேன். சில கலவையில் அப்படித்தான், ஒரு சின்ன வட்டம் போட்டு அதிலேயே திரும்பத் திரும்ப வந்தது. அமிலத்தை மாற்றியதும் வட்டம் மூடவில்லை. ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றுக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்தது. புள்ளிகளைச் சேர்த்தால் இதழ் இதழாக ஒரு பூ. இதழ்கள் சில நேரம் வெளிப்பக்கம், சில நேரம் உள்பக்கம். என் புள்ளிகள் கோணல் மாணலாக இருந்தன, கைடு சிரித்தார், நான் இன்னும் அந்த ஷீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இந்த அலைச்சலை வின்ஃப்ரீ தன் தட்டிலேயே கவனித்துவிட்டார். ஆனால் தட்டு ஒரு மணி நேரத்தில் செத்துப்போகிற பண்டம், மருந்து தீரத்தீர எல்லா எண்ணும் மாறிக்கொண்டே இருக்கும். பூ நிஜமா, மருந்து தீர்வதால் வரும் தள்ளாட்டமா? இதைத் தீர்க்க டெக்சாஸின் ஆஸ்டினில் ஹாரி ஸ்வின்னியின் குழு ஒரு ஜெல் வில்லையைச் செய்து, புது மருந்து ஊடுருவிக்கொண்டே இருக்கும்படி வைத்தார்கள். ஜெல்லுக்குள் திரவம் ஓடாது, கலங்காது, சுருள் மணிக்கணக்கில் நிற்கும். 1991இல் ஸ்கின்னரும் ஸ்வின்னியும் காட்டியது இதுதான்: வட்டம் போடும் முனை, செறிவை மெல்ல மாற்றும்போது ஒரு குறிப்பிட்ட அளவில் பூப்போட ஆரம்பிக்கிறது. ஆக தள்ளாட்டம் இல்லை, முனைக்கு இரண்டாவதாக ஒரு தாளம் பிறக்கிறது. 1994இல் ட்வைட் பார்க்லி இதன் கணிதத்தைச் சுருக்கி வைத்தார். இரண்டு தாளமும் ஒன்றாகிவிடும் இடத்தில் பூ விரிந்து விரிந்து நேர்கோடாகிவிடும், முனை சுழன்றபடியே ஒரே திசையில் நடந்து போகும். அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் இதழ் உள்ளே, அந்தப் பக்கம் இதழ் வெளியே. என் கோணல் பூவுக்கும் ஒரு வீட்டு எண் கிடைத்தது மாதிரி இருந்தது.

பூவோடு நின்றால் பரவாயில்லை. அலைச்சல் அதிகமானால் சுருள் உடைந்து நொறுங்கும். அது இரண்டு விதமாக நடக்கும், எனக்கு இரண்டாவதுதான் விசித்திரம்.

முதல் விதம் பஸ் ஹாரன். நம்மை நோக்கி வரும் பஸ்ஸின் ஹாரன் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் தடித்துப்போகும். முனை நகர்ந்துகொண்டே அலையை அனுப்பும்போது, போகும் திசையில் அலைகள் நெருக்கமாக விழும், பின்னால் இடைவெளி விட்டு விழும். நெருக்கம் ஓர் அளவைத் தாண்டினால் பின்னால் வரும் அலைக்கு முன்னால் டேங்க் நிரம்பியிருக்காது. அங்கே அலை அறும். அறுந்தால் இரண்டு முனை. இரண்டு முனையும் சுற்ற ஆரம்பிக்கும், அவையும் உடைக்கும். முனைக்குப் பக்கத்திலேயே தொடங்கி, கொஞ்ச நேரத்தில் பரப்பு முழுக்கத் துண்டும் துணுக்குமாகக் கொந்தளிக்கும். 2000இல் ஓயாங், ஸ்வின்னி, லீ மூவரும் இதை ஜெல்லில் காட்டினார்கள்.

இரண்டாவதை ஓயாங்கும் பிரான்ஸின் நீஸ் நகரத்தைச் சேர்ந்த ஃபிளெசலும் 1996இல் வெளியிட்டார்கள். இதில் நடுச்சுருள் சமர்த்தாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்து அலைகளும் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் இடைவெளியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன ஏற்ற இறக்கம், வெளியே போகப்போகப் பெருத்துக்கொண்டே போகிறது. ஒரு தூரம் தாண்டியதும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி உடைகின்றன. நடுவில் அழகான சுருள், சுற்றிலும் நொறுங்கல். கோயில் கருவறையில் பூசை அமைதியாக நடக்க, வெளிப்பிராகாரத்தில் தள்ளுமுள்ளு மாதிரி. மையத்தை மட்டும் ஜூம் பண்ணிப் பார்த்தால் எல்லாம் நலம் என்று எழுதிவிடுவோம்.

இவ்வளவும் ஒரு பெட்ரி தட்டு விளையாட்டு என்று விட்டுவிடலாம், இதே கணக்கு நெஞ்சுக்குள் ஓடாமல் இருந்தால். இதயத் தசையும் இப்படிப்பட்ட பரப்புதான். ஒரு செல் சுண்டப்பட்டால் பக்கத்துச் செல்லைச் சுண்டும், பிறகு கொஞ்ச நேரம் களைத்துக் கிடக்கும். அலையின் வேகம் நொடிக்கு அரை மீட்டர் அளவில், என் தட்டைவிடப் பல ஆயிரம் மடங்கு. வேதிப்பொருள் வேறு, அளவு வேறு, முனை அதே முனை. நார்பர்ட் வீனரும் ஆர்துரோ ரோசன்புளூத்தும் 1946இல் மெக்சிகோவில் இதயத்துக்காகவே இந்தக் கணிதத்தை எழுதிவிட்டார்கள், பெலுசோவின் குடுவைக்கும் முன்னால். 1992இல் டேவிடென்கோ, பெர்ட்சோவ், ஜலீஃப் குழு, பிரித்தெடுத்த இதயத் தசையில் மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒளிரும் சாயத்தை ஏற்றி, சுருள் சுற்றுவதை நேரடியாகப் படம்பிடித்தது. சில சுருள்கள் நின்ற இடத்தில் சுற்றின, சில நகர்ந்தன. நின்றவை சின்ன ரத்தக்குழாய் போன்ற தடைகளில் மாட்டிக்கொண்டவை.

கீழறையில் ஒரு சுருள் சுற்றினால் இதயம் தாறுமாறான வேகத்தில் துடிக்கும். சுருள் உடைந்து நொறுங்கினால் துடிப்பு என்பதே போய்விடும். தசை புழு நெளிவதுபோல நெளியும், ரத்தம் வெளியேறாது. நாம் எல்லாவற்றையும் 'அட்டாக்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ரத்தக்குழாய் அடைப்பு வேறு, இது வேறு. அடைப்பு இதற்கு வழிவிடலாம், ஆனால் நிமிடங்களில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த நொறுங்கல்தான். மார்பில் பட்டையை வைத்து ஷாக் கொடுக்கிறார்களே, அது நின்ற இதயத்தைக் கிளப்ப என்று சினிமா சொல்லும். உண்மையில் அது எல்லா டேங்கையும் ஒரே அடியாகக் கொட்டவைப்பது. எல்லாம் ஒன்றாகக் களைத்துவிட்டால் முனைக்குப் போக இடமில்லை.

150, 200 ஜூல் கொடுத்து மொத்தத் தசையையும் உலுக்குவதைவிட நாசூக்காகச் செய்ய முடியாதா என்று நிறையப் பேர் முயல்கிறார்கள். பின்னாளில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்த சிதாப்ர சின்ஹாவும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராகுல் பண்டிட்டும் சேர்ந்து 2001இல் சொன்ன யோசனை எனக்குப் பிடித்தது. பரப்பின் மேல் கோடு கோடாக ஒரு வலை. வலைக்கோடுகளில் மட்டும் லேசான மின்சாரத்தைச் சிறிது நேரம் விட்டால், பரப்பு தற்காலிகமாகக் கட்டம் கட்டமாகப் பிரிந்துவிடும். ஒரு கட்டம் சுருள் சுற்ற இடமில்லாத அளவுக்குச் சின்னது என்றால், முனை விளிம்பில் முட்டிச் சாகும். கணினி மாதிரியில்தான், ஆனாலும் அதில் ஒரு பழைய உண்மை இருக்கிறது. 1914லேயே வால்டர் கேரி இதயத் தசையை வெட்டி வெட்டிப் பார்த்து, ஓர் அளவுக்குச் சின்னத் துண்டில் நெளிவு தங்காது என்று எழுதியிருக்கிறார். 2011இல் ஸ்டெஃபான் லூதர் குழு வேறு வழியில் போனது. தசைக்குள் இருக்கும் குழாய், தழும்பு போன்ற சீரின்மைகளையே மின்முனைகளாகப் பயன்படுத்தி, ஒரு பெரிய அடிக்குப் பதில் ஐந்து சின்னத் துடிப்புகள். நாய்களின் மேலறை நெளிவை வழக்கமான ஆற்றலில் சராசரியாக 84 சதவீதம் குறைத்து அடக்க முடிந்தது.

ஜார்ஜ் மைன்ஸின் கதை மட்டும் என்னால் வேகமாகக் கடந்துபோக முடியாதது. இங்கிலாந்துக்காரர், பிறகு கனடாவின் மாண்ட்ரியலில் மெகில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். விலங்குகளின் இதயத் தசையை வளையமாக வெட்டி அதில் ஒரு துடிப்பு சுற்றிச் சுற்றி ஓடுவதைக் காட்டியவர். இன்னொன்றும் கண்டுபிடித்தார். இதயத்துடிப்பின் வால்பகுதியில் ஒரு குறுகிய தருணம் இருக்கிறது. அதற்கு முன்னால் சுண்டினால் ஒன்றும் ஆகாது. பின்னால் சுண்டினால் கூடுதலாக ஒரு துடிப்பு, அவ்வளவுதான். சரியாக அந்தத் தருணத்தில் சுண்டினால் நெளிவு. 1914 நவம்பரில் ஒருநாள் மாலை தன் ஆய்வகத்தில் உடலோடு கருவிகள் இணைக்கப்பட்ட நிலையில் நினைவிழந்து கிடந்தார். அன்றிரவே இறந்தார். தன்மேலேயே சோதனை செய்து பார்த்தார் என்று பலர் நினைக்கிறார்கள். வயது 28.

அந்தத் தருணம் என்ன என்பதை வின்ஃப்ரீ பிற்காலத்தில் முனையை வைத்து விளக்கினார். அலை போன தடத்தில், முன்பக்கம் இன்னும் களைப்பு, பின்பக்கம் தெளிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் சுண்டினால் புது அலை தெளிந்த பக்கம் மட்டும் கிளம்பும், களைத்த பக்கம் அடைபடும். முழு வளையம் ஆகாமல் ஒரு வில். வில்லுக்கு இரண்டு முனை.

இந்த விளக்கத்தை நான் படித்தது எம்.எஸ்சி. முடித்துப் பல வருடம் கழித்து. செய்து பார்க்காமல் விட மனசில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாம்பிள் எல்லாம் முடிந்தபின், பெரியவரிடம் அனுமதி கேட்டு ஹூடைத் திறந்தேன். (புரோமேட்டும் அமிலமும் வீட்டுச் சமையலறையில் வைத்து விளையாடுகிற சாமான் இல்லை. யாரும் பின்னூட்டத்தில் அளவு கேட்காதீர்கள்.) அலையைக் கிளப்ப வெள்ளிக் கம்பி வேண்டும். வெள்ளி புரோமைடைப் பிடித்துக்கொள்ளும், தொட்ட இடத்தில் தடை இறங்கி நீலம் பிறக்கும். கம்பிக்கு எங்கே போவது? மகளின் அறுந்த கொலுசில் ஒரு கண்ணியை நெம்பி நேராக்கினேன். வியர்வை உப்பு போக டிஸ்டில்டு வாட்டரில் அலசினேன், நாலு தடவைக்குப் பதில் எட்டு தடவை. சூடு கண்ட பூனை.

கொலுசை வைத்து நடுவில் தொட்டேன். நீலப் புள்ளி, வளையம், விரிய ஆரம்பித்தது. வளையம் தட்டின் பாதிக்கு வந்ததும் அதன் முதுகுக்கு ஒட்டி உள்பக்கம் தொட்டேன். ஒன்றுமில்லை. சிவப்பு சிவப்பாகவே இருந்தது, என் பழைய மூன்று வாரம் மாதிரி. தட்டை லேசாக ஆட்டி எல்லாவற்றையும் அழித்து, அது தெளியும்வரை காத்து, மறுபடி ஒரு வளையம். இந்த முறை நன்றாகத் தள்ளி, நிதானமாகத் தொட்டேன். அழகாக முழு வளையம் ஒன்று உள்ளே பிறந்து முந்தினதைப் பின்தொடர்ந்து போயிற்று. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. மூன்றாவது, நாலாவது, ஐந்தாவதும் வளையம்தான்.

ஆறாவது தடவை வாட்ச்மேன் வந்து "இன்னும் எவ்வளவு நேரம்க்கா?" என்று கேட்டதில் கை ஒரு நொடி முந்திக்கொண்டது. நீலம் பிறந்தது, உள்பக்கம் மட்டும் விரிந்தது, வெளிப்பக்கம் பிறை மாதிரி திறந்தே இருந்தது. இரண்டு நுனியும் தயங்கி நின்றன. பிறகு மெதுவாக, ஒன்று இடமாக, ஒன்று வலமாக மடங்கின. பத்து நிமிடம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, மூடியின் மேல் ஷீட்டை ஒட்டி, பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி முதல் புள்ளியை வைத்தேன்.